பள்ளி மைதானத்தில் வாய்ப்பூட்டு

2008 பிப்ரவரி. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஃபெர்ன்லி என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி அரங்கில் மாணவர்கள் கூடியிருந்தார்கள். மேசைமேல் இரண்டு தொப்பிகள். ஒன்று ஆரெகன் பல்கலைக்கழகத்துடையது, மற்றது பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துடையது. அமெரிக்கக் கால்பந்து ஆடும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் இரண்டில் கலிஃபோர்னியாவைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தார். செய்தியாளர்கள் படம் எடுத்தார்கள், எழுதினார்கள். சில நாளிலேயே குட்டு வெளிப்பட்டது. இரண்டு பல்கலைக்கழகங்களுமே அவரை அழைத்திருக்கவில்லை. பெரிய கல்லூரி அணியில் ஆட வேண்டும் என்ற ஏக்கத்தில் எல்லாவற்றையும் தாமே புனைந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். ஒரு பள்ளிப் பிள்ளையின் பொய் நாடு முழுக்கச் செய்தியானது.

பள்ளி வீரர்களும் பயிற்சியாளர்களும் செய்தியாளர்களிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று விதி வகுப்பவர்களின் பக்கம் இருக்கும் நியாயம் இங்கேதான் தொடங்குகிறது. அது லேசில் ஒதுக்கக் கூடியதல்ல. தோற்ற ஆட்டம் முடிந்து ஐந்து நிமிடத்தில், வியர்வை காயும் முன், பதினாறு வயதுப் பையனின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டினால் என்ன வரும்? எதிரணியைப் பற்றியோ நடுவரைப் பற்றியோ சொந்த அணித் தோழனைப் பற்றியோ மறுநாள் அவனே வருந்தும் ஒரு வார்த்தை வரும். அந்த வார்த்தை இணையத்தில் அவனைவிட நீண்ட காலம் வாழும். பயிற்சியாளரும் விதிவிலக்கல்ல. தோல்விக்குக் காரணம் இன்ன மாணவன்தான் என்று பெயர் சொல்லிப் பத்திரிகையில் பேசும் பயிற்சியாளரைத் தடுக்க ஒரு விதி இருந்தால் அதை நான் வரவேற்பேன். மாணவரின் காயம், மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை வெளியே போகாமல் காப்பதும் சரியே. கல்விப் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்க 1974 முதல் அங்கே கூட்டரசுச் சட்டமே இருக்கிறது. நடுவர்களைப் பொதுவெளியில் திட்டக் கூடாது என்று மாநில விளையாட்டுச் சங்கங்கள் போடும் விதியிலும் குறை காண மாட்டேன். ஏச்சுப் பேச்சு தாங்காமல் நடுவர்கள் விலகிக்கொண்டே இருந்தால் ஆட்டமே நடக்காது.

ஆனால் பள்ளிகளின் கையேடுகள் இந்த எல்லையோடு நிற்பதில்லை. எந்தச் செய்தியாளரிடம் பேசுவதானாலும் பயிற்சியாளரின் முன் அனுமதி வேண்டும், எல்லாக் கேள்விகளும் விளையாட்டுத் துறை இயக்குநர் வழியாகவே வர வேண்டும், அணிக்குக் கெட்ட பெயர் தரும் எதையும் பேசக் கூடாது என்றெல்லாம் விரிகின்றன. முதல் வகை விதி பிள்ளையைக் காக்கிறது. இந்த இரண்டாம் வகை பெரியவர்களைக் காக்கிறது. இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகி வருவதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. என் புகாரெல்லாம் இந்தக் கலப்பின் மீதுதான்.

டென்னசி மாநிலத்தின் ஜெஃபர்சன் கவுண்டி உயர்நிலைப் பள்ளியில் 2005இல் நடந்ததைப் பாருங்கள். கால்பந்து வீரர்கள் சிலர் தங்கள் பயிற்சியாளரின்கீழ் ஆட விருப்பமில்லை என்று ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். அவர் ஒரு மாணவனின் தலைக்கவசத்தில் அடித்தார், கல்லூரிகளிலிருந்து வந்த கடிதங்களைத் தூக்கிப் போட்டார், அவமானப்படுத்துகிறார் என்பவை அவர்களின் குற்றச்சாட்டுகள். மனு பயிற்சியாளரின் காதுக்கு எட்டியது. வீரர்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்கள். மன்னிப்புக் கேட்டவர்கள் அணியில் நீடித்தார்கள், நான்கு பேர் வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அணியின் ஒற்றுமை குலையும் என்று பள்ளி அஞ்சியது நியாயமே என 2007இல் தீர்ப்பு வந்தது. இத்தனைக்கும் அந்த மாணவர்கள் எந்தச் செய்தியாளரிடமும் போகவில்லை, தங்களுக்குள் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்கள், அவ்வளவுதான்.

அதற்கு ஓராண்டு முன்பு வேறொரு வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கிட்டத்தட்ட இதே பிரச்சினையில் மறுபக்கம் சாய்ந்திருந்தது. ஆரெகனின் கிளாட்ஸ்கனை பள்ளிக் கூடைப்பந்து வீரர்கள் தங்கள் பயிற்சியாளர் பதவி விலக வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள், பிறகு ஓர் ஆட்டத்துக்குப் போகும் பேருந்தில் ஏற மறுத்தார்கள். ஆட்டத்தைப் புறக்கணித்ததற்குத் தண்டிக்கலாம், மனுக் கொடுத்ததற்குத் தண்டிக்கக் கூடாது என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. எனக்கு இந்தப் பிரிப்பே சரியாகப் படுகிறது. ஆட வராதவனை உட்கார வைக்கலாம். வாய் திறந்தவனை உட்கார வைப்பது வேறு.

உண்மையில் தண்டனை அந்த உட்கார வைப்பதில்தான் இருக்கிறது. பள்ளி அணியில் ஆடுவது உரிமையல்ல, சலுகை என்பதே அங்குள்ள நீதிமன்றங்களின் பொதுவான பார்வை. எத்தனை நிமிடம் யார் களத்தில் இறங்குவது என்பது முழுக்கப் பயிற்சியாளரின் கையில். பேட்டி கொடுத்த பையன் அடுத்த வெள்ளிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தால், காரணம் பேட்டியா ஆட்டத்திறனா என்று யார் நிரூபிப்பது? பயிற்சியாளரின் நிலையும் இதுதான். பெரும்பாலும் அவர் ஓர் ஆசிரியர். பயிற்சிப் பொறுப்பு ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் தனி ஒப்பந்தம். ஆசிரியப் பணிக்கு உள்ள பாதுகாப்பு அதற்குக் கிடையாது. ஆக, எழுதப்பட்ட விதி இல்லாமலே வாய் தானாக மூடிக்கொள்ளும். இந்த அச்சத்தின் மேல் இன்னொரு விதியை ஏற்றுவது அநாவசியம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

இல்லினாய் மாநில ஆசிரியர் மார்வின் பிக்கரிங்கின் வழக்கை இங்கே சொல்லாமல் விட முடியாது. பள்ளி வாரியம் நிதி கேட்ட விதத்தையும், படிப்புக்கும் விளையாட்டுக்கும் பணத்தைப் பங்கிட்ட விதத்தையும் கண்டித்து அவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வேலை போயிற்று. கடிதத்தில் சில தகவல் பிழைகள் இருந்தன. ஆனாலும் பொது விஷயத்தில் குடிமகனாகப் பேசியதற்காக அவரை நீக்கியது செல்லாது என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006இல் அதே நீதிமன்றம் இந்தக் கதவைப் பாதி சாத்தியது. அரசு ஊழியர் தம் பணிக் கடமையாகப் பேசுவதற்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு இல்லை என்று கார்செட்டி வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவானது. ஆட்டம் முடிந்து பேட்டி தரும் பயிற்சியாளர் கடமையைச் செய்கிறாரா, குடிமகனாகப் பேசுகிறாரா? பள்ளி தனக்குச் சாதகமான விடையைத்தான் எடுத்துக்கொள்ளும்.

பள்ளி விளையாட்டில் புழங்கும் பணம் சிறிதென்றால் விட்டுவிடலாம். டெக்சாஸின் ஆலன் நகரப் பள்ளிக் கல்வி மாவட்டம் 18,000 பேர் அமரும் கால்பந்து அரங்கத்தைச் சுமார் 6 கோடி டாலரில் கட்டி 2012இல் திறந்தது. கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014இல் மூடி, பழுது பார்த்து, 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். அரங்கத்தைக் கட்டியது மக்களின் வரிப்பணத்தில். இவ்வளவு பொதுப்பணம் புழங்கும் இடத்தில் அதை உள்ளிருந்து பார்ப்பவர்களின் பேச்சு தனியார் நிறுவன ரகசியம் ஆகாது.

பணத்தைவிட உயிர் பெரிது. 2008 ஆகஸ்டில் கென்டக்கியின் லூயிவில் நகரில் கடும் வெயிலில் நடந்த பயிற்சியில் பதினைந்து வயது மாணவர் ஒருவர் மயங்கி விழுந்து மூன்று நாளில் இறந்தார். பயிற்சியாளர் மீது வழக்கு நடந்தது, 2009இல் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அந்தத் தீர்ப்பைக் கேள்வி கேட்பது என் நோக்கமல்ல. அன்று மைதானத்தில் கண்டதையும் கேட்டதையும் சொன்னவர்களில் பக்கத்து மைதானத்தில் ஆட்டம் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அணிக்கு வெளியே நின்றதால் எந்தக் கையேடும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. எல்லாப் பயிற்சிக்கும் பக்கத்து மைதானத்தில் சாட்சி இருக்காது. தண்ணீர் தரவில்லை, தலையில் அடிபட்ட பின்னும் இறக்கினார்கள், மூத்த மாணவர்கள் துன்புறுத்துகிறார்கள் என்று சொல்ல ஒரு பிள்ளை யாரிடம் அனுமதி கேட்பது? அனுமதி தர வேண்டியவரைப் பற்றியே புகார் என்றால்?

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2005க்குப் பிறகு அமெரிக்கா தன் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டது. முன்பு உள்ளூர்ச் செய்தியாளர் வாரந்தோறும் மைதானத்துக்கு வருவார், பிள்ளைகளைப் பெயர் சொல்லி அறிவார். இன்று பல ஊர்களில் பள்ளியின் சமூக ஊடகப் பக்கமே செய்தி. வாயையும் பூட்டிவிட்டால் மிஞ்சுவது பள்ளி தன்னைப் பற்றித் தானே சொல்லும் நல்ல வார்த்தைகள் மட்டும்.

என் முடிவு இது. ஆட்டம் முடிந்து சிறிது நேரம் பேட்டி வேண்டாம் என்பது இருக்கட்டும். பிள்ளை விரும்பினால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். பேச மறுக்கும் உரிமை மாணவருக்கே இருக்கட்டும். சிறு வயதினருக்கு அனுமதி தேவையென்றால் அதைத் தர வேண்டியவர் பெற்றோர், பயிற்சியாளர் அல்ல. அடுத்தவரின் காயத்தையும் நடுவரின் நேர்மையையும் பற்றி வாய்க்கு வந்தபடி பேசாதே என்பதும் நிற்கட்டும். முன் அனுமதி விதியும், அணிக்குக் கெட்ட பெயர் என்ற வரையறையற்ற சொற்றொடரும் போயாக வேண்டும். பாதுகாப்பு, துன்புறுத்தல், பணம் ஆகிய மூன்றைப் பற்றியும் யாரிடமும் பேசலாம் என்று அதே கையேட்டில் எழுத்தில் இருக்க வேண்டும்.

டாலஸ் புறநகர்களிலும் நியூ ஜெர்சியிலும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். பருவத் தொடக்கத்தில் கையேட்டைப் படித்து ஏற்றதாக ஒரு தாள் கையெழுத்துக்கு வரும். கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் ஊடகம் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். இந்த விதியை மீறினால் தண்டனை என்ன, யார் முடிவு செய்வார், யாரிடம் முறையிடலாம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.