ஏரியைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்

கிளியூர் அருவிக்குப் போகத் திட்டம் போடுவதே தனிச் சுகம். நாகலூரிலிருந்து புறப்பட்டால் வழியில் ஏற்காடு ஏரி வரும். அங்கே ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். ஏரி நிறைந்து வழியும் தண்ணீர்தான் 3 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 300 அடி உயரத்திலிருந்து பள்ளத்தாக்கில் விழுகிறது. கோடையில் ஏரி வற்றிக் கிடந்தால் அருவியில் வெறும் பாறைதான். ஆகவே மழை ஓய்ந்த மறுவாரம் உத்தமம்.

பைச் சுமையை யோசித்துக் கட்டவேண்டும். வாழையிலையில் மடித்த புளிசாதம் மதியம் வரை கெடாது. பொட்டலம் அவிழும்போது வரும் இலை வாசனைக்காகவே பசிக்கும். அட்டைக்கு ஒரு துணியில் உப்பு முடிச்சு. ஈரப் பாறையில் வழுக்காத செருப்பு.

அருவிக்குப் போகும் வழியில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே காப்பிச் செடி. அந்த நிழலை அவசரமாகக் கடக்காதீர்கள். கடைசி இறக்கம் செங்குத்து. இறங்குவதைவிட ஏறத்தான் நேரம் பிடிக்கும், மூச்சும் வாங்கும். அந்த ஏற்றத்துக்கென்று வெயில் சாய்வதற்குமுன் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். பெரியவர்கள் கூட வந்தால் இன்னும் அரைமணி சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளம் பெருகும் நாளில் மேலிருந்து பார்த்தாலே போதும்.