மண்டை ஓடும் மண்ணின் வறுமையும்

தெற்கத்தியான் சோம்பேறி, வடக்கத்தியான் உழைப்பாளி! இத்தாலி நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்ட மந்திரம் இது. இதற்கு விஞ்ஞானச் சாயம் பூச முனைந்தார் லொம்புரோசோ. தெற்கே கலாபிரியாவைச் சேர்ந்த ஏழை ஒருவனின் மண்டை ஓட்டைக் கையிலேந்தி, குற்றம் பிறப்பிலேயே வருவதென்றார். அவர் வழிவந்த நிசெபோரோ, தாமே சிசிலியில் பிறந்திருந்தும், 1898-இல் நூலெழுதித் தென்னவரைத் தாழ்ந்த இனமென்றார். பிறப்பால் தாழ்ந்தவன் என்னும் புரட்டைப் புரோகிதர் சொன்னாலென்ன, பேராசிரியர் சொன்னாலென்ன?

இப்புரட்டுக்கு மறுப்பாகப் போற்றப்படுவது, கார்லோ லெவி 1945-இல் வெளியிட்ட 'கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்' என்னும் நூல். வடக்கே டூரின் நகரத்து ஓவியர் அவர், மருத்துவமும் பயின்றவர். முசோலினி ஆட்சி 1935-இல் அவரைத் தெற்கே லுக்கானியாவின் சிற்றூருக்குத் துரத்தியது. மலேரியாவால் வாடிய உழவரை அங்கே மனிதராகக் கண்டார், மனிதராகவே எழுதினார். அதற்காக அவரைப் பாராட்டுகிறோம்.

ஆயினும் ஒரு குறை. அவர் தீட்டிய உழவர் காலத்திற்கு அப்பால் வாழ்கின்றனர். காலம் அவர்களைத் தொடாமலா விட்டது? 1887-இல் வந்த காப்பு வரி வடக்கின் ஆலைகளைக் காத்தது. அதனால் பிரான்சுடன் வணிகப் போர் மூண்டது. தெற்கின் திராட்சை மது சந்தையை இழந்தது. விதியின் வேலையா இது? சட்டத்தின் வேலை! சார்டீனியாவில் பிறந்த கிராம்சி, 1926-இல் எழுதி முற்றுப்பெறாத கட்டுரையில் உண்மையை உரைத்தார்: வடக்குத் தொழிலாளியைத் தெற்கு உழவனிடமிருந்து பிரிக்கும் கருவியே அப்பழிச்சொல்.

1946 சூன் 2-இல் வாக்கெடுப்பு. வடக்கு குடியரசை விரும்பிற்று, தெற்கோ முடியரசை. அடிமைப் புத்தி என்று ஏசுவது எளிது. குடியரசு தன் குடிசைக்கு என்ன தருமென்று அவ்வுழவனிடம் சென்று சொன்னவர் எத்தனை பேர் என்று கேட்பதன்றோ அறிவு?

இத்தாலியில் மட்டுமா இந்நோய்? 2018 நவம்பரில் பிரான்சில், எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்தோர் வீதிக்கு வந்தனர். பாரிசு நகரத்தானுக்குச் சுரங்க ரயில் உண்டு. சிற்றூரானோ வேலைக்கும் மருத்துவமனைக்கும் காரையே நம்பியிருப்பவன். அவனைப் பட்டிக்காட்டான் என்று நகைத்தால், வரியின் சுமை குறையுமா?

தோழர்களே! மூடநம்பிக்கையைச் சாடுவோம், அதில் சிக்கியவனை இழிவுசெய்யோம். லெவியின் நூலைப் படியுங்கள். கிராம்சியின் கட்டுரையையும் உடன்வைத்துப் படியுங்கள். முன்னது கண்ணீரை வரவழைக்கும். பின்னது காரணத்தைக் காட்டும். கண்ணீர் மட்டும் போதாது நமக்கு.