முருங்கைக்கீரையும் ஐந்தெழுத்து இடைவெளியும்

அந்தி சாயும்போது வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் போய் உட்காருங்கள். நடுமண்டபம் நிழலாகிக் கரையும் நேரத்தில் அடுத்த படி இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதா? விழித்திரையில் வைட்டமின் ஏ வேலை செய்கிறது என்று அர்த்தம். அது குறைந்த பிள்ளைகள் தடுமாறுவது இந்த நேரத்தில்தான். மாலைக்கண் என்ற பெயரே அப்படி வந்தது. பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும். ருசி இதற்கப்புறம்தான்.

மதியம் சாப்பிட்ட முருங்கைக்கீரைப் பொரியலுக்கு வாருங்கள். அதிலுள்ள பீட்டா கரோட்டினைக் குடலில் ஒரு நொதி சரிபாதியாக வெட்டுகிறது. (கொஞ்சமாவது எண்ணெய் இருந்தால்தான் அது உடம்பில் சேரும், பாட்டிமார் தாளிப்பில் கஞ்சத்தனம் காட்டாததற்கு இதுவும் ஒரு நியாயம்.) அந்தப் பாதியின் ஒரு வடிவம் கண்ணுக்கு. இன்னொரு வடிவமான ரெட்டினாயிக் அமிலம் செல்லின் உட்கருவுக்கே போய்விடுகிறது. அங்கே டி.என்.ஏ. மீது அதற்கான ஏற்பிப் புரதம், ஒரு கூட்டாளியோடு, முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அமிலம் வரும்வரை மரபணுவைப் பேசவிடாது. வந்ததும் ஏற்பி உருவம் மாறி, வாயைப் பொத்திக்கொண்டிருந்த புரதங்களை உதறிவிடும். இந்த ஏற்பியை 1987-இல் பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவான்ஸ் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன.

எங்கே உட்காருவதென்று அதற்கு எப்படித் தெரியும்? இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். 'வா வா' என்று நாம் அடுக்குவதுபோல, டி.என்.ஏ.யிலும் ஓர் ஆறெழுத்துச் சொல் இரண்டு முறை வரும். ஓரெழுத்து முன்பின் மாறலாம். நடுவே பெரும்பாலும் ஐந்தெழுத்து இடைவெளி. மதுரைக்காரருக்கு ஐந்தெழுத்து என்றால் சொக்கநாதர் ஞாபகம் வரும். இங்கோ எந்த ஐந்து என்பது பெரிதில்லை, எத்தனை என்பதே கணக்கு. அதே சொல் மூன்றெழுத்து தள்ளி வந்தால் வைட்டமின் டி-யின் ஏற்பி வந்து உட்காரும். நான்கு என்றால் தைராய்டு ஹார்மோனுடையது. மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடைவெளிக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

அமிலம் எழுப்பிவிடும் மரபணுக்களில் ஒன்று, அந்த ஏற்பியின் பீட்டா வகைக்கே உரியது. அதாவது வந்தவர் தனக்கான நாற்காலிகளைக் கூடுதலாகப் போடச் சொல்கிறார். கூடவே அமிலத்தைச் சிதைக்கும் நொதியின் மரபணுவும் விழித்துக்கொள்ளும். விருந்தாளிக்கு இலை போடும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைக்கிற வீடு!

இனி, மதுரைக்குப் பெருமை தரும் பகுதி. அரவிந்த் கண் மருத்துவமனையினர் திருச்சி வட்டாரக் கிராமங்களில் 15,419 சிறு பிள்ளைகளிடம் ஓராண்டு நடத்திய ஆய்வு 1990-இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு வாராவாரம் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். கிட்டத்தட்ட உணவில் கிடைக்க வேண்டிய அளவுதான். மற்றப் பாதியைவிட அவர்களிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், நாள்பட்ட ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குமே பலன் அதிகம்.

கண்ணுக்கான சத்து உயிரை எப்படிப் பிடித்து வைத்தது? ஓர் இழையை 2004-இல் ஜப்பானில் மகோதோ இவாதா குழு எலிகளில் பிடித்தது. குடலின் நோயெதிர்ப்புச் செல்கள் ரெட்டினாயிக் அமிலம் தயாரிக்கின்றன. அது பட்ட டி (T) செல் என்ற வெள்ளையணு, குடலின் விலாசத்தை அறியும் ஏற்பிகளைத் தன் மேல் முளைக்க வைத்துக்கொள்கிறது. பிறகு ரத்தத்தில் எங்கே சுற்றினாலும், காவலுக்குக் குடலுக்கே திரும்பி வந்துவிடும்.