வேட்டைத் துணை

வேட்டைப் புத்தகம் படிப்பது எனக்கு வெகுநாளையப் பழக்கம். துப்பாக்கியைத் தொட்டறியாதவன் நான். வீட்டில் எலிப்பொறி வைப்பதற்கே இரண்டு நாள் யோசிக்கிற ஆசாமி. ஆனாலும் மலையும் பனியும் குதிரைகளும் இரண்டு மனிதர்களும் வருகிற புத்தகம் கிடைத்துவிட்டால் ராத்திரி விளக்கை அணைக்க மனம் வராது. மிருகம் எப்போது விழும் என்பதில் எனக்கு அவ்வளவாக அக்கறை கிடையாது. அந்த இரண்டு மனிதர்களும் எந்த இடத்தில் முறைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் நடக்கும் எல்க் வேட்டை இதற்கென்றே ஏற்பட்ட மாதிரி இருக்கிறது. எல்க் என்பது நம் மிளாவுக்கு உறவான மான் ஜாதி. உருவத்தில் அதைவிடப் பெரிது. நல்ல கிடா முந்நூறு கிலோவுக்கு மேலும் நிறுக்கும். செப்டம்பர் மாதத்தில் இணை தேடி அது எழுப்புகிற குரல் ஊதுகுழல் மாதிரி பள்ளத்தாக்கெங்கும் கேட்கும். அதைத் தேடி, பாதை முடிந்த இடத்துக்கும் அப்பால், கூடாரத்தையும் அரிசி பருப்பையும் சுமந்துகொண்டு மனிதன் ஏற வேண்டும். சுடுவது ஒரு விநாடி வேலை. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். இறைச்சி கெடுவதற்குள் தோலை உரித்து, கண்டம் கண்டமாக அறுத்து, முதுகில் ஏற்றி, மலைச் சரிவில் நாலைந்து தடவை ஏறி இறங்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற காரியமல்ல. ஆகவே துணை வேண்டும். துணை என்று வந்துவிட்டால், விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்புகிறவர் ஒருவர், இன்னும் அரைமணி தூங்கினால் என்ன என்கிறவர் ஒருவர் என்று குடும்பம் ஆரம்பமாகிவிடுகிறது.

பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் 1893-ல் வெளியிட்ட 'தி வில்டர்னெஸ் ஹன்டர்' என்ற புத்தகத்தில் ஓர் எல்க் வேட்டை வருகிறது. 1891-ல் வயோமிங்கில் இரு சமுத்திரக் கணவாய் என்று பெயர் பெற்ற இடத்துக்குப் போகிறார். அங்கே ஓர் ஓடை இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அட்லாண்டிக்குக்கும் மற்றது பசிபிக்குக்கும் போய்ச் சேருகிறது. எப்பேர்ப்பட்ட இடம்! கூட வந்தவர்களும் நல்லவர்கள். ஒரு சிநேகிதர், காட்டை அறிந்த வழிகாட்டிகள். மழை பெய்கிறது, குதிரைகள் சறுக்குகின்றன, எல்லோரும் சிரித்துக்கொண்டே சமாளிக்கிறார்கள். படிக்கச் சுகமாக இருக்கிறது. புத்தகத்தை மூடி ஒரு வாரமானால் ஓடை மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது, மனிதர்கள் கரைந்துபோய்விடுகிறார்கள்.

அதே ரூஸ்வெல்ட் 1913-ல் எழுதிய சுயசரிதையில் வேறு ஒரு வழிகாட்டியைப் பற்றிச் சொல்கிறார். கிழவர், கால் சரியில்லாதவர், பட்டணத்துக்காரன் என்றாலே இளக்காரம். சமையலும் மற்ற எடுபிடி வேலைகளும் ரூஸ்வெல்ட் தலையில் விழுகின்றன. அவசரத்துக்கு என்று வைத்திருந்த விஸ்கியையும் கிழவர் ஒருநாள் தீர்த்துவிடுகிறார். இனிப் பொறுப்பதற்கில்லை என்று, கிழவருடைய துப்பாக்கியைச் செயலற்றதாக்கி, தம்முடைய குதிரையைப் பிடித்துக்கொண்டு ரூஸ்வெல்ட் தனியாகப் புறப்பட்டுவிடுகிறார். கொஞ்சப் பக்கங்கள்தான். ஆனால் அந்தக் கிழவர் மறக்கமாட்டார். நல்ல துணை கிடைத்தவனுக்கு வேட்டை கிடைக்கிறது. கெட்ட துணை கிடைத்தவனுக்குக் கதை கிடைக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இந்த அபிப்பிராயத்தோடு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஜான் வில்லியம்ஸ் 1960-ல் எழுதிய 'புட்சர்ஸ் கிராஸிங்' என்ற நாவலைப் படித்த பிறகு அது போதவில்லை.

நாவலில் வேட்டையாடப்படுவது காட்டெருமை. காலம் 1870கள். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த வில் ஆண்ட்ரூஸ் என்ற பாஸ்டன் இளைஞன் படிப்பை விட்டுவிட்டுக் கன்ஸாஸில் ஒரு புழுதிக் கிராமத்தில் வந்து இறங்குகிறான். எமர்ஸனின் பேச்சைக் கேட்டுவிட்டு, இயற்கையில் தன்னைக் கண்டுகொள்ளலாம் என்று நம்பி வந்தவன். அங்கே மில்லர் என்ற வேட்டைக்காரனைச் சந்திக்கிறான். கொலராடோ மலையில் யாரும் அறியாத பள்ளத்தாக்கு ஒன்று, அதில் ஆயிரக்கணக்கான எருமைகள். தான் மட்டும் பல வருஷங்களுக்கு முன்னால் பார்த்ததாக மில்லர் சொல்கிறான். ஆண்ட்ரூஸ் பணம் போடுகிறான். வண்டியோட்ட ஒற்றைக்கை சார்லி ஹோஜ், தோலுரிக்க ஷ்னைடர். நால்வர் புறப்படுகிறார்கள்.

மில்லரைப் படைத்திருக்கும் விதத்தில்தான் வில்லியம்ஸின் சாமர்த்தியம் இருக்கிறது. ரூஸ்வெல்டின் கிழவரைப் போல மில்லர் சோம்பேறி அல்ல. குடித்துவிட்டுப் புரள்பவனும் அல்ல. தான் செய்யாத எதையும் பிறரைச் செய்யச் சொல்வதில்லை. ஆற்றோரப் பாதையை விட்டு நீரற்ற வெளியில் வண்டியைத் திருப்பி, எல்லோரையும் தாகத்தில் தவிக்க வைக்கிறவன் அவன்தான். மிஞ்சியிருக்கும் தண்ணீரைத் துணியில் நனைத்து மாடுகளின் வீங்கிய நாக்கைத் துடைத்து அவற்றைப் பிழைக்க வைக்கிறவனும் அவன்தான். பனிப்புயலில் எருமைத் தோல்களைப் பைகளாகக் கட்டி, நால்வரும் விறைத்துச் சாகாமல் காப்பவனும் அவன்தான். தாகமும் பனியும் யாரால் வந்தன என்று கேட்க வேண்டிய நேரத்தில் வாய் திறக்க முடியாதபடி அவன் உயிரைக் காப்பாற்றிவிடுகிறான். கெட்ட துணையை விட்டு ஓடலாம், ரூஸ்வெல்ட் ஓடினார். இப்படிப்பட்டவனை விட்டு எப்படி ஓடுவது?

பள்ளத்தாக்கு நிஜமாகவே இருக்கிறது. எருமைகளும் இருக்கின்றன. கூட்டத்தின் தலைமை மாட்டை முதலில் வீழ்த்தினால் மற்றவை எங்கே போவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். மில்லர் சுடுகிறான், துப்பாக்கிக் குழல் சூடேற வேறு துப்பாக்கியை மாற்றிக்கொண்டு சுடுகிறான். வண்டி கொள்ளுமளவுக்குத் தோல் சேர்ந்தாயிற்று, போகலாம் என்கிறான் ஷ்னைடர். மில்லருக்குக் காது கேட்பதில்லை. கடைசி எருமை வரைக்கும் வேண்டும் அவனுக்கு. அந்தத் தாமதத்தில் பனி விழுந்து கணவாய் அடைபடுகிறது. குளிர்காலம் முழுவதும் அங்கேயே சிறை.

இந்த இடங்களை வில்லியம்ஸ் எழுதியிருக்கும் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மில்லரின் மனதுக்குள் அவர் ஒருமுறைகூட நுழைவதில்லை. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதை எழுதுகிறார். தோலை எங்கே கீறி எப்படி இழுப்பது என்று எழுதுகிறார். வேலையை எழுதியே வெறியைக் காட்டிவிடுகிறார். நாம் எழுதுகிற நாவல்களில் கதாபாத்திரத்தின் மனசை நாலு பக்கத்துக்குத் திறந்துவைத்துவிட்டு, அவன் என்ன தொழில் செய்து சாப்பிடுகிறான் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். எனக்கு இந்தப் புத்தகம் சுருக்கென்று தைத்தது அங்கேதான்.

குறை இல்லாமல் இல்லை. கிராமத்தில் ஆண்ட்ரூஸைச் சந்திக்கும் பிரான்சீன் என்ற பெண், ஆசிரியருக்குத் தேவைப்படும்போது மட்டும் மூச்சுவிடுகிறாள். முடிவுக்குச் சற்று முன்னால் தோல் வியாபாரி மக்டொனால்ட் பேசுகிற நீண்ட பேச்சில், அவன் குரலை மீறி ஆசிரியர் குரல் கேட்கிறது. நால்வரும் காட்டிய வாழ்க்கையை ஒருவன் எழுந்து அர்த்தம் சொல்லி விளக்க வேண்டிய அவசியம் என்ன?

இன்னொன்றைச் சிலர் குறையாகச் சொல்லக்கூடும். எனக்கு அது குறையாகப் படவில்லை. திரும்பும் வழியில் ஆற்றில் வண்டியும் தோலும் போய்விடுகின்றன, ஷ்னைடரும் போய்விடுகிறான். வெறுங்கையோடு ஊருக்கு வந்தால், தோல் வியாபாரமே படுத்துவிட்டது. மலையில் விட்டுவந்த மிச்சத் தோலையும் வாங்க ஆளில்லை. இது ஆசிரியர் வலிந்து இழைத்த விதி என்று தோன்றலாம். ஆனால் 1870களின் தொடக்கத்தில் எருமைத் தோலைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றபடி பதனிட வழி பிறந்ததும், அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் மந்தைகளே அநேகமாக அழிந்துபோனதும் சரித்திரம். கடைசி எருமை வரைக்கும் கேட்டது மில்லர் ஒருவன் மட்டுமல்ல. மில்லர் குவியலாகக் கிடந்த தோல்களுக்குத் தீவைப்பதைப் படிக்கும்போது, அது விதியாகத் தோன்றவில்லை, கணக்காகத் தோன்றுகிறது.

என் இருபத்திரண்டாவது வயதில் எனக்கும் ஒரு மில்லர் இருந்தார். பத்திரிகையில் பெரியவர், பெயர் வேண்டாம். ஒரு கதையைப் பதினொரு தடவை திருப்பி எழுத வைத்தார். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் தானும் கூட உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாக உரித்துப் பார்ப்பார். தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் "போதும், ஐயா" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அவர் கைவைத்துக் கைவைத்துச் செத்துப்போன ஒரு நாவல் இன்று என்னிடம் இருந்திருக்கும். அவர்மீது எனக்குக் கோபமில்லை. வாய் திறக்காத இளைஞன்மீதுதான் கோபம்.

ஆண்ட்ரூஸும் வாய் திறப்பதில்லை. பணம் அவனுடையது, நிறுத்து என்று சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் அவன். மில்லரின் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். வல்லவன் ஒருவன் பின்னால் போவதில் ஒரு சுகம் இருக்கிறது. நம்முடைய தீர்மானங்களை அவன் சுமந்துகொள்கிறான். அந்தச் சுகத்துக்கு என்ன விலை என்பதைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்ட நாவலை நான் படித்ததில்லை. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2007-ல் மறுபதிப்பு கண்ட பிறகுதான் பரவலாகப் படிக்கப்படுகிறது. ஆசிரியர் 1994-லேயே காலமாகிவிட்டார்.

நாவலைப் படித்த பிறகு ரூஸ்வெல்டின் எல்க் வேட்டையை மறுபடி எடுத்துப் படித்தேன். முன்பு சாதாரணமாகப் பட்ட ஒரு விஷயம் இந்தத் தடவை பெரிதாகப் பட்டது. வேட்டை முடிந்ததும் அவர்கள் திரும்பிவிடுகிறார்கள். யாரும் யாரையும் இன்னொரு மலைக்கு இழுக்கவில்லை. நினைவில் நிற்காத அந்த மனிதர்கள், துணை வர எவ்வளவு நல்லவர்கள்!