ஒரு வாயுவும் மூன்று நொதிகளும்

தமிழில் அறிவியல் எழுதுவோர் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், தண்டுவடக் காயம் பற்றிய கட்டுரைகளில் ஒரு குறை தொடர்ந்து காணப்படுகிறது. அதனை எடுத்துக் காட்டுதல் ஆசிரியர்தம் கடமை எனக் கருதுகிறேன்.

உடலில் தோன்றும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை நரம்பைக் கொல்லும் நஞ்சு என்பார் ஒரு சாரார். இரத்தவோட்டத்தில் அதன் பணியைக் கண்டறிந்தமைக்கு 1998இல் வழங்கப்பெற்ற நோபல் பரிசைச் சுட்டி, அருமருந்து என்பார் மற்றொரு சாரார். இடைநிற்போர், அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். இம்மூன்றும் நிறைவான விளக்கங்கள் அல்ல.

ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து இவ்வாயுவை ஆக்கும் நொதிகள் மூன்று. முதலாவது நரம்பணுக்களில் இருந்து செய்தி கடத்த உதவுவது. இரண்டாவது இரத்தக் குழாயின் உட்சுவரில் இருந்து, குழாயைத் தளர்த்திக் குருதியை ஓடச் செய்வது. இவை வேண்டும்போது சிறிதளவே வாயுவைத் தருவன. மூன்றாவது, அழற்சியால் தூண்டப்பெற்றுத் தோன்றுவது. தண்டுவடம் அடிபட்ட சில மணி முதல் சில நாள் வரை அது மிகுந்து, ஓயாது வாயுவைப் பொழிகிறது. அவ்வாயு சூப்பராக்சைடுடன் கூடிப் பெராக்சிநைட்ரைட்டாகி, அடிக்குத் தப்பிய அணுக்களையும் அழிக்கிறது. காயத்தின் பின் முதல் நொதியும் கட்டுமீறித் தீங்கு செய்வதுண்டு. எனினும் மூன்றையும் ஒருசேர அடக்கினால், காயமுற்ற இடத்திற்கு வேண்டிய குருதியோட்டம் குன்றும். ஆகவே, அளவை மட்டும் கேட்டால் போதாது. எந்த நொதி, எப்பொழுது என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாம் நொதியை அடக்கி எலிகளிடம் செய்த ஆய்வுகள் சிலவற்றில் நற்பயன் கண்டுள்ளனர். மனிதர்க்குரிய மருத்துவமாக அது இன்னும் நிலைபெறவில்லை. இதைச் சொல்லாது விடுவதன் விளைவை நான் நேரில் கண்டேன். எங்கள் கேமரன் மலையில், மழையில் வழுக்கும் தேயிலைச் சரிவில் விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர், என் பழைய மாணவர் ஒருவரின் தந்தை. பத்திரிகைத் துண்டொன்றை நீட்டி, "வாத்தியாரையா, இந்த மருந்து எங்கே கிடைக்கும்?" என்றார். அதில் எலி என்ற சொல்லே இல்லை.

மீட்சி என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. 1954இல் விபத்தில் தண்டுவடம் சிதைந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழக் காரணரும் ஆனார். இவ்வரலாற்றையும் எழுதினால், மருந்து வராத இடைக்காலத்தில் என்ன செய்யலாம் என்பது அத்தந்தைக்கு விளங்கியிருக்கும்.

எலியிடம் கண்டதை எலியிடம் கண்டதாகவே எழுதுவோமாக.