பெஞ்சைத் தூக்கியதும் நாங்கள்தான், பேண்டு அடித்ததும் நாங்கள்தான்

எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்பு முடித்த பெண் யார் வீட்டில் இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காது. "கேர்ள்ஸ் ஸ்கூல்ல சேர்த்துடுங்க, யோசிக்கவே யோசிக்காதீங்க" என்று தொடங்கிவிடுவேன். "அங்கேர்ந்து உனக்குக் கமிஷன் ஏதும் வருதா?" என்பார் என் வீட்டுக்காரர். கமிஷன் இல்லை, ருசி கண்டவள். தொண்ணூறுகளின் கடைசியில், டெல்டா பக்கத்து ஊர் ஒன்றின் அரசினர் மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் சாப்பாட்டை மறந்து பேசுவேன்.

பெற்றோர் இந்தப் பள்ளிகளைத் தேடி வரும் காரணங்கள் எனக்குத் தெரியும். உயரமான மதில், வாசலில் வாட்ச்மேன், பையன்கள் தொல்லை கிடையாது. என் அப்பாவும் அதைத்தான் நினைத்தார். பெண் அடக்க ஒடுக்கமாக வளருவாள் என்று கொண்டுபோய் விட்டார். அரையாண்டுப் பரீட்சை வருவதற்குள் நான் வீட்டில் எதிர்க்கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தேன். மதிலுக்காகச் சேர்க்கிறவர்கள் தாராளமாகச் சேர்க்கட்டும். மதிலுக்கு உள்ளே நடக்கிற சங்கதி வேறு.

எட்டாம் வகுப்பு வரை நான் படித்தது இருபாலர் பள்ளி. நல்ல பள்ளிதான், நல்ல வாத்தியார்கள்தான். ஆனால் கிளாஸ் லீடர் என்றால் பையன், பெண்ணுக்கு அசிஸ்டென்ட் லீடர். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் பெஞ்சு நகர்த்துவதும், தோரணம் கட்ட ஏணி ஏறுவதும், மைக் செட்டுக்கு ஒயர் இழுப்பதும் பையன்கள். கோலம் போடுவதும், பன்னீர் தெளிப்பதும், தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவதும் நாங்கள். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைப்பவன் ஒருவன், பக்கத்தில் நின்று நோட்டில் ரீடிங் எழுதுபவள் ஒருத்தி. எங்கள் கையெழுத்து அழகாம்! இப்படித்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஏன் இப்படி என்று யாரும் கேட்டதும் இல்லை.

பெண்கள் பள்ளியிலும் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. பெஞ்சு இருந்தது, ஏணி இருந்தது, ஒயர் இருந்தது, பையன்கள்தான் இல்லை. "ஏய், நாலு பேர் வாங்கடி" என்றாள் லீடர். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம், பெஞ்சு நகர்ந்தது. கொடிக் கயிற்றில் சுருக்குப் போட ஒருத்தி, மைக் கீச்சிட்டால் சரிசெய்ய ஒருத்தி, பேண்டு வாத்தியத்தில் அந்தப் பெரிய டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க ஒருத்தி. என்னைக் கேட்டால் பெண்கள் பள்ளியின் மொத்த மகிமையும் இதுதான்: அங்கே எந்த வேலை வந்தாலும் அதற்கு ஒரு பெண்ணைத்தான் தேட வேண்டும். தேடினால் கிடைக்கிறாள். அதுவரை அவளுக்கே தெரியாமல் இருந்த சாமர்த்தியமும் கூடவே கிடைக்கிறது.

லேப் எனக்குச் சொர்க்கம். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் ப்யூரெட் நிறைய பெர்மாங்கனேட், கீழே கூம்புக் குடுவை. ஒரு கையால் குழாயைத் திருகி, மறு கையால் குடுவையைச் சுழற்றி, துளித் துளியாக விட வேண்டும். இளஞ்சிவப்பு வந்து மறையாமல் நிற்கிற அந்த ஒரு துளியில் நிறுத்த வேண்டும், ஒரு துளி கூடினால் கணக்கு போச்சு. சால்ட் டெஸ்ட் நாளில் சல்பைடு வந்தால் அழுகிய முட்டை நாற்றம் காரிடார் முழுக்க அடிக்கும். நைட்ரேட் வந்தால் சோதனைக் குழாயில் பழுப்பு வளையம் மெல்லக் கூடி நிற்கும். பார்த்ததும் கத்துவோம். நைட்ரிக் அமிலம் பட்டு மஞ்சளான விரலை நான் மருதாணி வைத்த விரல் மாதிரி வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். "நீ எழுது, நான் செய்கிறேன்" என்று குழாயைக் கையிலிருந்து வாங்க அங்கே ஆளே கிடையாது.

மைதானம் அதற்கும் மேலே. கபடி, ரிங் பால், த்ரோ பால் எல்லாம் உண்டு. என் உயிர் கோ-கோதான். விதியைப் பாருங்கள்: உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி "கோ" என்று உரக்கச் சொல்ல வேண்டும், சத்தம் வராவிட்டால் ஃபவுல்! "மெதுவாப் பேசு, பொம்பளைப் பிள்ளை" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவளை நடு மைதானத்தில் நிறுத்திக் கத்தச் சொல்லுகிற விளையாட்டு. கத்தாததற்கு விசில் ஊதி நிறுத்துவார் பி.டி. டீச்சர். முதல் வாரம் தொண்டை எழும்பவில்லை. பிறகு எழும்பிய தொண்டை இன்றுவரை அடங்கவில்லை. குறுவட்டப் போட்டிக்குப் பஸ்ஸில் போகும்போது நாங்கள் போட்ட கூச்சலில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றார். வேர்த்துக் கொட்டி, முட்டி சிராய்த்து, காலை நீட்டி மண்ணில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் தண்ணீர் குடித்த சுகத்தை எந்த மார்க் ஷீட்டில் எழுத முடியும்?

ஆண்டு விழாவில் கட்டபொம்மன் நாடகம். வகுப்பிலேயே பெரிய குரல் எவளுடையதோ அவள்தான் கட்டபொம்மன். கண்மையால் மீசை, பெட்ஷீட்டில் அங்கவஸ்திரம், அட்டையில் வாள். முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்த ஜாக்சன் துரை பயந்து பின்வாங்கியது நடிப்பில்லை, நிஜமாகவே பயந்துவிட்டாள். அந்தக் கட்டபொம்மன் இன்று உரக்கடை நடத்துகிறாள். லாரிக்காரர்களிடம் மூட்டைக் கணக்குக் கேட்கும்போது அதே குரல்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருபாலர் வகுப்பில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஆள்: "பொண்ணுங்க பக்கம்". இங்கே எல்லோருமே பெண்கள் என்பதால் பெண் என்பது ஒரு அடையாளமே இல்லை. வேறு ஏதாவதாக இருந்தே தீர வேண்டும். கணக்குப் புலி, ரவுடி, கதைசொல்லி, படு சோம்பேறி, ஹெச்.எம். மாதிரி பேசிக் காட்டுகிறவள், டிபன் பாக்ஸ் திருடி என்று விதவிதமாக இருந்தோம். சோம்பேறிக்கும் அங்கே ஒரு இடம் இருந்தது. அழகி, கறுப்பி, ஒல்லி, குண்டு என்ற பேச்சு இல்லாமல் இல்லை, பெண்களும் மனிதர்கள்தானே. ஆனால் மதியம் கோ-கோவில் ஜெயித்துக் கொடுத்தவளைச் சாயங்காலம் யாரும் நிறத்தை வைத்து எடை போடவில்லை.

உடம்பு விஷயம் பேசாமல் பதின்வயதைப் பேச முடியாது. பாவாடையில் கறை பட்டால் முதலில் பார்க்கிறவள் "அக்கா, அப்படியே நில்லுங்க" என்பாள். அடுத்த நிமிஷம் முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் அவள். அப்படியே பாத்ரூம் வரை ஒரு ஊர்வலம் போகும். நாப்கின் எந்த டீச்சர் பீரோவில் இருக்கிறது என்பது ஆறாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். வீட்டில் குசுகுசுவென்று மட்டுமே கேட்ட விஷயத்தை அங்கே "வயித்து வலி, கிரவுண்டுக்கு வரலை டீச்சர்" என்று நேராகச் சொல்லிவிட்டு மரத்தடியில் உட்காரலாம். தலைகுனிய அதில் ஒன்றுமில்லை என்று யாரும் பாடம் எடுக்காமலேயே தெரிந்துகொண்டோம்.

இந்தப் பள்ளிகள் நேற்று முளைத்தவையும் அல்ல. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிகள் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கியது 1824-ல். அப்படித் தனி இடம் இல்லாத ஊரில் என்ன நடந்தது? பின்னாளில் 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டையில் பையன்கள் படித்த கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாக உட்கார வேண்டியிருந்தது. அவரைச் சேர்க்கவே எதிர்ப்பு, மன்னர் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. அதே காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி, தானே பால்ய விதவையாக இருந்து 1911-ல் சென்னையில் பட்டம் பெற்றவர், தன்னைப் போன்ற சிறுமிகளைத் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுசில் தங்கவைத்துப் படிக்க வைத்தார். அவர்களில் பலர் ஆசிரியைகள் ஆனார்கள். பெண்கள் பள்ளிக்குப் பெண் வாத்தியார் வேண்டும், அவரை உருவாக்க இன்னொரு பெண்கள் பள்ளி வேண்டும். எனக்குப் பாடம் எடுத்த டீச்சர்கள் அந்த வரிசையில் வந்தவர்கள். எங்கள் ஹெச்.எம். டீச்சர் காம்பவுண்டுச் சுவர் கட்ட வந்த கான்ட்ராக்டரிடம் செங்கல்லை எண்ணிக் கணக்குக் கேட்டதை ஜன்னல் வழியே பார்த்தோம். பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம்.

"அதெல்லாம் சரி, நாளைக்கு வேலைக்குப் போனா ஆம்பளைங்களோட பழகத் தெரியணுமே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அண்ணன், தம்பி, பஸ், டியூஷன், கடைத்தெரு எல்லாம் எங்களுக்கும் இருந்தன, நாங்கள் தனித் தீவில் வளரவில்லை. காலேஜில் முதல் நாள் "யாராவது வந்து போர்டில் போடுங்க" என்றார் புரபசர். எழுந்து போனவள் நான். துணிச்சல் என்று எதுவும் இல்லை, எழுந்து போவது பழகியிருந்தது, அவ்வளவுதான். சென்னை ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் படிக்கும்போது தோழிகளோடு ராக் பேண்டு வைத்து கிடார் வாசித்தவர் இந்திரா நூயி. பிறகு பெப்சிகோவின் தலைமை நாற்காலிக்குப் போனார். எல்லோரும் அங்கே போக வேண்டியதில்லை. கிடாரைக் கையில் எடுக்க ஒரு இடம் கிடைத்தால் போதும்.

பெண்கள் பள்ளி என்றாலே மார்க் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வுகளும் அப்படி ஒரே குரலில் சொல்வதில்லை. மார்க் டீச்சரையும் வீட்டையும் பொறுத்தது. நான் பேசுவது முதுகெலும்பைப் பற்றி. இப்போது என் மகளும் அரசு மகளிர் பள்ளியில்தான் படிக்கிறாள். தாவணி போய் சுடிதாரும் கோட்டும் வந்துவிட்டன. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கிறது. ஒரு காலத்தில் கல்யாண உதவியாகப் போன பணம் இன்று படிப்புக்குப் போகிறது. எனக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

சேர்க்கும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பேர் பெற்ற பள்ளி என்பதோடு நிற்காமல், சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வாசலில் போய் நில்லுங்கள். மைதானத்தில் புழுதி பறக்கிறதா? லேப் ஸ்டூல்கள் தேய்ந்திருக்கின்றனவா? மைக்கில் பேசுகிறவள் தாளைப் பார்க்காமல் பேசுகிறாளா? இப்படி இருந்தால் அன்றே விண்ணப்பம் வாங்கிவிடுங்கள். கேட்டைப் பூட்டி, பின்னல் மடிப்பை அளந்து, "சிரிக்காதே" என்று பிரம்பு நீட்டுகிற இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அதற்கு வெறும் மதில்தான் உண்டு. உங்கள் பெண்ணுக்கு வேண்டியது, பெஞ்சின் ஒரு முனையைப் பிடிக்க அவளைக் கூப்பிடுகிற பள்ளி.