நாலடிக்கு ஓர் அங்குலம்

குளிக்கிற அறையில் தரை நனையலாம் என்பதை மேல்நாட்டார் ரொம்பத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். அங்கே தொட்டிக்குள் குளிப்பார்கள். தொட்டிக்கு வெளியே தரை காய்ந்திருக்கவேண்டும். சில வீடுகளில் கம்பளம்கூட விரித்திருப்பார்கள். பிறகு ஒருநாள் தொட்டியைத் தூக்கிவிட்டு, தரை முழுக்க நனைந்தாலும் பரவாயில்லை என்று ஓர் அறை கட்டி, 'வெட் ரூம்' என்று பேர் வைத்தார்கள். நம்மூரில் அதற்குப் பேர் பாத்ரூம். வாளியில் மொண்டு ஊற்றினால் நாலு சுவரும் நனையும். அதுதான் குளியல்.

அந்த வெட் ரூம் இப்போது விலைச்சீட்டோடு நம்மிடமே வந்திருக்கிறது. பாடியில் வசிக்கும் நண்பர், இருபத்தைந்து வருஷப் பழைய ஃப்ளாட்டின் பாத்ரூமை இடித்துக் கட்ட எஸ்டிமேட் வாங்கி, என்னிடம் காட்டினார். ஏழுக்கு நாலரை அடி அறை. நான் பி.காம்.காரன். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் கூட்டல் சரியா என்றுதான் பார்ப்பேன். கூட்டல் சரி. கண்ணாடித் தடுப்பு, ரெயின் ஷவர், டைல்ஸ் என்று இரண்டு பக்கம். வாட்டர் ப்ரூஃபிங்குக்கு ஒரே ஒரு வரி. அதிலும் 'தேவைப்பட்டால்' என்று ஒரு வால்.

தேவைப்பட்டாலா? வெட் ரூமே அதுதானே சார்!

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். டைல் தடுக்கும், இரண்டு டைல்களுக்கு நடுவில் இருக்கிற இணைப்பு தடுக்காது. ஃப்ளாட்டுகளில் பெரும்பாலும் பாத்ரூமின் கான்க்ரீட் தளத்தை ஓர் அடிபோலத் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டி, செங்கல் ஜல்லி கொட்டி மூடுவார்கள். இணைப்பு வழியாக இறங்கும் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் போய் உட்காரும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடிக்கும். வயிறு நிறைந்த பிறகுதான் கீழ்வீட்டு சீலிங்கில் ஓதமாக எட்டிப் பார்க்கும். அபார்ட்மென்ட் சண்டைகளில் கார் பார்க்கிங்குக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பள்ளத்தின் அடியிலும், டைலுக்குக் கீழேயும், ஷவர் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கும் தண்ணீர் புகாத பூச்சு வேண்டும். டைல் ஒட்டிய பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததால்தான் ஒரே வரி.

அடுத்தது வாட்டம். கொத்தனார்களின் அழகான சொல். தரை, தண்ணீர் போகிற ஜாலியை நோக்கி நாலடிக்கு ஓர் அங்குலமாவது சரிய வேண்டும். டைல் பெரிதாகப் பெரிதாக ஜாலியைச் சுற்றி நாலு பக்கமும் வாட்டம் கொடுப்பது கஷ்டம். இரண்டடிக்கு இரண்டடி டைலை விரும்பி வாங்கிவிட்டு, மூலையில் தேங்கும் தண்ணீருக்குக் கொத்தனாரைத் திட்டுகிறோம்.

ரெயின் ஷவர் விஷயம் இன்னும் தமாஷ். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். நண்பர் இருப்பதோ மேல் மாடி. மொட்டைமாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் இரண்டரை மீட்டர் இருந்தால் அதிகம். கால் பார் அழுத்தத்தில் மழை எங்கே வரும், தூறல்தான். மோட்டார் வைத்து அழுத்தினால் வேறு கணக்கு. அமெரிக்காவில் 1992ல் கொண்டுவந்த சட்டப்படி ஒரு ஷவர் நிமிஷத்துக்குச் சுமார் ஒன்பதரை லிட்டருக்கு மேல் விடக்கூடாது. அந்தச் சிக்கன அளவிலேயே பத்து நிமிஷம் நின்றால் 95 லிட்டர், ஏறக்குறைய ஐந்து வாளி. பாடிக்குப் பக்கத்து ஸ்டேஷன் வில்லிவாக்கம். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் வந்து இறங்கியது அங்கேதான். அந்த முழு ரயிலும் 26 ஆயிரம் பேரின் ஷவர் குளியலுக்குத்தான் காணும்.

கண்ணாடிக்கு ஒரு நியாயம் உண்டு, மறுக்கமாட்டேன். கம்மோடு பக்கம் தரை காய்ந்திருந்தால் வழுக்காது. ஆனால் நூறடிக்குக் கீழிருந்து வரும் போர் தண்ணீரின் உப்பு, ஆறே மாதத்தில் அந்தக் கண்ணாடியைப் புகைபடிந்த சிம்னி ஆக்கிவிடும். அதைவிட முக்கியம், நண்பரின் அம்மா. எழுபத்தெட்டு வயது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மருமகள்தான் குளிப்பாட்டுகிறார். தடுப்புக்குள் நாற்காலி போட்டால் மருமகள் எங்கே நிற்பார்? கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் தாண்டாதிருக்க மூன்று அங்குலத் திட்டு வேறு வரைந்திருந்தார்கள். அம்மாவால் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாத உயரம். வெட் ரூமில் உருப்படியான சமாசாரமே திட்டும் படியும் இல்லாமல் சக்கர நாற்காலி உள்ளே உருண்டுபோகலாம் என்பதுதான். அதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்குமதி செய்திருக்கிறார்கள்.

நண்பர் கண்ணாடியை அடித்துவிட்டு ஒரு திரைச்சீலை எழுதினார். ரெயின் ஷவருக்குப் பதில் கையில் பிடிக்கிற ஷவர், சுவரில் அழுத்தமாக ஒரு கைப்பிடி, சொரசொரப்பான சின்ன டைல். மிச்சப் பணம் பூச்சுக்குப் போனது. பூச்சு காய்ந்ததும் ஜாலியை அடைத்துத் தண்ணீர் கட்டி நாற்பத்தெட்டு மணி நேரம் விடச்சொன்னார். "ஒருநாள் போதும் சார்" என்ற மேஸ்திரிக்கு முகம் கோணிவிட்டது. கீழ்வீட்டு மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். மாமி இரண்டு நாளும் காலை, மதியம், ராத்திரி என்று ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கைத் தடவிப் பார்த்து மேலே ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டிருந்தார்.